பதினோரு தாளுக்கு லேமினேஷன்

பன்னிரண்டு லட்சத்து நாற்பத்தாறாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு ரூபாய். வங்கி நோட்டீசில் அந்தத் தொகையை எண்ணால் ஒரு தடவையும் எழுத்தால் ஒரு தடவையும் போட்டிருந்தார்கள். எண்ணில் ஒரு சைபர் கூடுதலாக விழுந்திருக்கும் என்று நினைத்து எழுத்தைக் கூட்டிப் படித்தேன். எழுத்திலும் அதுதான் இருந்தது.

அப்போது நான் குமராட்சிப் பக்கம் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். லாரி வரவில்லை. தபால்காரர் என் வீட்டுக்குப் போகாமல் நேரே களத்துக்கே வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். கடன் வாங்கியவர்கள் என் மகள் இசைவாணி, அவள் தகப்பன் ஞானசேகரன், அதாவது நான். ஜாமீன் செந்தமிழ்செல்வன். வருகிற இரண்டாம் சனிக்கிழமை கடலூர் கோர்ட்டில் லோக் அதாலத். அங்கே வந்தால் நீதிபதி முன்னால் உட்கார்ந்து பேசித் தொகையைக் குறைத்து முடித்துக்கொள்ளலாம். வராவிட்டால் வழக்கு நடக்கும். இதுதான் விஷயம். இதைப் படித்து முடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது.

செந்தமிழ்செல்வன் என் மனைவி அமராவதியின் தம்பி. சிதம்பரம் டிப்போவில் பஸ் ஓட்டுகிறான். நான் போன் போடுவதற்குள் அவனே போட்டான்.

"என்னா மாமா, ஒங்களுக்கும் வந்துடுச்சா?"

"வந்துடுச்சி மச்சான்."

"எனக்கு டிப்போவுக்கே கொண்டாந்து குடுத்துட்டான். டைம் கீப்பரு நாலு பேரு காதுல விழுற மாதிரி, 'டாக்டரோட மாமாவுக்கு லெட்டரு வந்திருக்கு'ன்னு கூப்புடுறாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்துவைத்தேன். போனை வைத்த பிறகு லாரி வந்தது. அன்றைக்கு இருநூற்றுப் பத்து மூட்டை ஏற்றினேன்.

என் மகள் டாக்டருக்குப் படித்தது கிர்கிஸ்தானில். இங்கே சீட்டு கிடைக்க மார்க் போதவில்லை, பணம் கட்டிப் படிக்க வசதி இல்லை. வெளிநாட்டில் படித்தால் இங்கே ஆகிற செலவில் கால்வாசிதான் என்றார்கள். அந்தக் கால்வாசிக்கு எங்கள் ஒரு ஏக்கர் போயிற்று. மேற்கொண்டு வங்கியில் ஏழரை லட்சம் வாங்கினோம். ஆறு வருஷம் படித்துவிட்டு ஊர் திரும்பினாள். திரும்பியதும் டாக்டர் ஆகிவிட முடியாது. வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே ஒரு தேர்வு எழுத வேண்டும். முந்நூறு கேள்வி, நூற்றைம்பது சரியாக எழுதினால் பாஸ். அதன்பிறகு சென்னையில் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். பதிந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன். அதை முடித்தால்தான் ஊசி போடவே உரிமை. மேலே பி.ஜி. படிக்க வேண்டுமானால் அதற்கு இன்னொரு தேர்வு.

"சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரியில கொழந்தைங்க வார்டுலியே பி.ஜி. பண்ணணும்ப்பா" என்பாள். அந்த வார்டில்தான் அவள் ஆறு வயதில் டைபாய்டு வந்து பதினேழு நாள் கிடந்தாள்.

தேர்வு எழுதினாள். நூற்றுப் பதினெட்டு. அடுத்தது நூற்று இருபத்தேழு. பிறகு நூற்று நாற்பத்தொன்று. அப்புறம் இறங்கி நூற்று முப்பத்தொன்பது. ஐந்தாவது தடவை நூற்று நாற்பத்தெட்டு. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அமராவதி மட்டும், "ரெண்டுதானே, ரெண்டுதானே" என்று அடுப்புக்கு முன்னால் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆறாவது தடவை நூற்று அறுபத்து மூன்று வந்தது. நான் களத்தில் இருந்த எல்லோருக்கும் டீயும் போண்டாவும் வாங்கிக்கொடுத்தேன்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊருக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ஒரு கரைதான். இசைவாணி பன்னிரண்டாவது படித்த வருஷம் வெள்ளம் வந்து டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. அவளுடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் ஊறிக் கூழாகிவிட்டது. புதிது வாங்கக் கடலூருக்கு ஏழு நடை நடந்தேன். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போயிற்று. எந்த ஜன்னலில் நிற்பது என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு நின்றாலும், அங்கே போனதும் வேறு ஜன்னலைக் காட்டினார்கள். அந்த ஏழு நடை எனக்கு மறக்கவில்லை.

அவள் படித்துவிட்டு வந்து, முதல் இரண்டு தேர்வு எழுதியிருந்த சமயத்தில் மறுபடி வெள்ளம். இந்தத் தடவை நான் வேறு எதையும் தொடவில்லை. அவளுடைய ஃபைலைத் தலையில் வைத்து, இடுப்பளவு தண்ணீரில் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். அங்கே ஐந்து நாள் தங்கினோம். தண்ணீர் வடிந்து கூலி கைக்கு வந்ததும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் தெற்கு வீதிக்குப் போனேன். அங்கே புஷ்பவள்ளி என்று ஒரு பெண் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள்.

"ஒரிஜினலுக்காண்ணே?" என்று கேட்டாள்.

"ஒரிஜினலுக்குத்தாம்மா. ஜெராக்சு தண்ணியில போனா போவுது. நல்லா கெட்டியா போடு. கொள்ளிடமே ஊட்டுக்குள்ள வந்தாலும் இது மெதக்கணும்."

பதினோரு தாள். தாளுக்கு முப்பது ரூபாய். சூடாக, வளையாமல், பளபளவென்று வந்தன. அதிலே பட்டச் சான்றிதழ் ஒன்று, நம் நாட்டுத் தூதரகத்தின் முத்திரை வைத்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் வரிசையாக அடுக்கி வைத்து அவளைக் கூப்பிட்டேன்.

இசைவாணி ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பட்டச் சான்றிதழை மட்டும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள்.

"நல்லா இருக்குப்பா" என்றாள். பிறகு வெளியே போய்க் கோழிக்கு நொய் போட்டாள்.

ஆறாவது தேர்வில் பாஸான பிறகு சென்னைக்குப் போனோம். நானும் கூடப் போனேன். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். கவுன்சில் ஆபீசில் டோக்கன் போட்டு, மத்தியானம் எங்கள் முறை வந்தது. ஜன்னலில் இருந்த அம்மாவுக்கு என் வயதிருக்கும். தாள்களை வாங்கி, பட்டச் சான்றிதழை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இத யாரும்மா லேமினேஷன் பண்ணது?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் இசைவாணி, "நான்தான் மேடம். தெரியாம பண்ணிட்டேன்" என்றாள்.

"டாக்டருக்குப் படிச்ச பொண்ணு. ஒரிஜினல லேமினேஷன் பண்ணக் கூடாதுன்னு தெரியாதா? எம்பசி சீலைத் தொட்டுப் பாக்கணும்மா. மை எங்க ஊறியிருக்குன்னு பாக்கணும். இதுல என்னாத்தப் பாக்கறது? போலி வருது நெறைய. ஒன்ன சொல்லல, பொதுவா சொல்றேன்."

"சாரி மேடம்."

"பிரிக்க முடியுதான்னு பாரு. இல்லன்னா காலேஜுல டூப்ளிகேட் வாங்கி, அதுக்கு மறுபடி சீல் வாங்கிட்டு வா."

அந்த அம்மா கெட்டவர் இல்லை. தண்ணீர் குடிக்கிறாயா என்றுகூடக் கேட்டார். நான் இசைவாணிக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். நான் போட்டது என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஒன்றும் மாறாது. ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் புஷ்பவள்ளி கடை. அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"பிரிக்கிறது போடுற மாதிரி இல்லண்ணே. சூட்டுல ஒட்டுனது."

"கொஞ்சம் பாரும்மா."

அயர்ன் பாக்சை லேசாகச் சூடு பண்ணி, மேலே துணி விரித்து ஒரு மூலையைத் தேய்த்தாள். மூலை நெகிழ்ந்தது. பிளேடால் கிளப்பி, மெதுவாக, தோல் உரிப்பதுபோல் இழுத்தாள். கல்லூரி பெயர் வரைக்கும் சுத்தமாக வந்தது. எனக்குத் தைரியம் வந்துவிட்டது. கீழே வரவரத் தாள் மேல்தோல் பிளாஸ்டிக்கோடு போக ஆரம்பித்தது. முத்திரை இருந்த இடத்தில் புஷ்பவள்ளி நிறுத்தினாள். முத்திரை பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. நீலமாக, ஒரு எழுத்தும் அழியாமல், கண்ணாடியில் தெரிவதுபோல் வலமிடம் மாறி இருந்தது. தாளில் அந்த இடம் வெள்ளையாக, பஞ்சு பஞ்சாக இருந்தது.

"போதும், உட்டுடுங்கக்கா" என்றாள் இசைவாணி.

புஷ்பவள்ளி கல்லாவிலிருந்து மூன்று நூறு ரூபாய்த் தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. அவள் அழுதுகொண்டே மறுபடி கல்லாவில் போட்டாள். இசைவாணி அழவில்லை. தாளையும் பிளாஸ்டிக்கையும் ஒரே கவரில் போட்டுக்கொண்டாள்.

கல்லூரிக்கு மெயில் போட்டாள். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. நேரில் வர வேண்டும், பணம் கட்ட வேண்டும், மூன்று மாதம் ஆகலாம். போக வர விமானம், தங்குவது, சாப்பாடு, கட்டணம், மறுபடி முத்திரை எல்லாம் சேர்ந்து இரண்டு லட்சத்துக்கு மேல். அந்த வருஷம் ஹவுஸ் சர்ஜன் இடம் ஒதுக்குவது முடிந்துபோயிற்று. அவள் சிதம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். மாதம் ஒன்பதாயிரம். டாக்டர் சொல்லச் சொல்ல இவள் அடிக்க வேண்டும். ஒருநாள் அவர் சொன்னதில் ஒரு தப்பைக் கண்டுபிடித்து மெதுவாகச் சொல்லியிருக்கிறாள். அவர் நல்லவிதமாகத்தான் எடுத்துக்கொண்டாராம். அன்றிலிருந்து அங்கே அவளுக்குப் பெயர் கிர்கிஸ்தான்.

குடியிருக்கிற வீடு போக எங்களிடம் மீதி இருந்தது மூன்று சென்ட் மனை. அதை விற்க ஒரு வருஷம் பிடித்தது. நாலு லட்சத்துப் பத்தாயிரம் வந்தது. கிரயம் முடித்த வாரமே அவள் போனில் விமான டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் எனக்கு நோட்டீஸ் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டுக்கு வந்தான். வரும்போதே ஒரு கிலோ கோழிக்கறி வாங்கி வந்தான். எப்போதும் அப்படித்தான். சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

"நான் கேக்க வரல மாமா" என்று ஆரம்பித்தான். "எம்பொண்ணு கனிமொழி கல்யாணத்துக்கு லோன் கேட்டு பேங்குல எழுதிப் போட்டேன். கம்ப்யூட்டர தட்டுன ஒடனே மேனேஜரு மூஞ்சி மாறிப்போச்சு. சிபில்ல செகப்பா நிக்குதாம் என் பேரு. ஜாமீன் போட்டதுக்கு இவ்ளோ இருக்குன்னு எனக்கு என்னா தெரியும்? தை மாசம் தேதி வச்சிருக்கோம்."

"அதுக்கு இப்ப என்னா பண்ணச் சொல்ற?" என்று அமராவதி எழுந்தாள். "எம்பொண்ணு ஆறு வாட்டி எழுதி பாஸ் பண்ணியிருக்கா. ரெண்டு லட்சத்துல போயி பேப்பர வாங்கியாந்துட்டா டாக்டரு. அப்பறம் ஒம் பேங்க்காரனுக்கு வட்டியோட மூஞ்சில அடிக்கலாம்."

"நான் வேணாம்னு சொன்னனாக்கா? ஏர்போர்ட்டுக்கு நானே கொண்டுபோய் உடுறேன்."

"அப்பறம் எதுக்கு வந்த?"

"கறி குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அக்காவும் தம்பியும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதுவரை எலும்புகளைத் தட்டில் ஒதுக்கிக்கொண்டிருந்த இசைவாணிதான் வாயைத் திறந்தாள்.

"அம்மா, நான் சொல்றதக் கேளு. அங்க போனா மூணு மாசம்னு சொல்லியிருக்காங்க, கண்டிப்பா மூணு மாசம்னு சொல்லல. அது வந்து, சீல் வாங்கி, பதிஞ்சி, அதுக்கப்பறம் ஹவுஸ் சர்ஜன் எடம் கெடைக்கணும். எங்கள மாதிரி வந்தவங்களுக்கு இருக்கறது கொஞ்சம் எடம், நிக்கறது அத்தன பேரு. அதுக்கு ஒரு வருஷம். அதுக்குள்ள இவங்க கேஸ் போட்டு மாமா சம்பளத்துல கை வெப்பாங்க. பேங்குல விசாரிச்சேன், லோக் அதாலத்துல நாலு லட்சத்துக்கு முடிப்பாங்களாம். நம்மகிட்ட நாலு லட்சம்தான் இருக்கு. ரெண்டுல ஒண்ணுதான்."

"நீ எப்ப பேங்குக்குப் போன?" என்றேன்.

"புதங்கெழம. லீவு போட்டு."

அமராவதி தட்டுகளை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். அங்கே நெடுநேரம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் பைக்கை எடுக்கும்போது, "நான் வராம இருந்திருக்கணும் மாமா" என்றான்.

இரண்டாம் சனிக்கிழமை நான், இசைவாணி, மச்சான் மூன்று பேரும் காலை பஸ்ஸில் கடலூருக்குப் போனோம். மச்சான் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து அவரோடு டயரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தான். கோர்ட்டில் கல்யாணக் கூட்டம்போல் இருந்தது. விபத்துக் கேஸ், ஜீவனாம்சம், செக் கேஸ். ஒவ்வொரு அறைக்கும் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் நீதிபதி, பக்கத்தில் வக்கீல். பதினொன்றரை மணிக்கு எங்களைக் கூப்பிட்டார்கள்.

நீதிபதி ஓய்வு பெற்றவர். கண்ணாடியை இறக்கிவிட்டு ஃபைலைப் பார்த்தார்.

"எம்.டி. படிச்சிருக்கியாம்மா? அங்க எம்.பி.பி.எஸ்.ஸ அப்படித்தான் சொல்வாங்க இல்ல?"

"ஆமாம் சார்."

"தேர்வும் பாஸ் பண்ணியிருக்க. அப்பறம் என்ன, சம்பாதிச்சிக் கட்டிடலாமே?"

வங்கி மேனேஜர் இளைஞர். அவர் உடனே முன்னால் சாய்ந்தார். "சார், அதான் எனக்கும் பிரச்சினை. நாலு லட்சத்துக்கு முடிக்க மேலிடத்துல சம்மதம் வாங்கி வச்சிருக்கேன். ஆனா கடன் வாங்கினவங்களுக்கு இனிமே அந்தப் படிப்பால வருமானம் வர வாய்ப்பில்லன்னு நான் எழுதியாகணும். டாக்டர் ஆகப்போறாங்கன்னா இவ்வளவு தள்ளுபடி பண்ண முடியாது. ஆடிட்ல கேப்பாங்க."

நீதிபதி இசைவாணியைப் பார்த்தார். "என்னம்மா சொல்ற? ஆகப்போறியா, இல்லையா?"

அந்த அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மச்சானைப் பார்த்தேன். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல சார்" என்றாள்.

"எழுதிக் குடுத்துடும்மா. ஒன் கையாலயே."

மேனேஜர் வெள்ளைத் தாள் கொடுத்தார். அவள் தமிழிலேயே எழுதினாள். எழுதி முடித்து என் பக்கம் நகர்த்தினாள், அவள் கையெழுத்துக்குக் கீழே நானும் போட வேண்டும். நான் பேனாவை வாங்கிக்கொண்டு படித்தேன். 'நான் வெளிநாட்டில் மருத்துவம் படித்தேன். சான்றிதழ் பழுதானதால் இந்தியாவில் பதிவு பெறவில்லை. மருத்துவராகப் பணிபுரியவில்லை. இனிப் பணிபுரியும் வாய்ப்பும் இல்லை. தற்போது டைப்பிஸ்ட்.' யார் பழுதாக்கியது என்று அதில் இல்லை. எனக்குப் படிக்க நேரம் பிடிக்கும். அடுத்த கேஸ்காரர்கள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. கடைசி வரியை இரண்டாவது தடவையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

நாலு லட்சத்துக்கு வங்கி டிராஃப்டை மேனேஜரிடம் கொடுத்தோம். எட்டு லட்சத்து நாற்பத்தாறாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு ரூபாய் தள்ளுபடி. கணக்கு முடிந்தது, ஜாமீன்தாரர் மேலும் பாக்கி இல்லை என்று உத்தரவு நகலை முத்திரை வைத்துக் கையில் கொடுத்தார்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

வெளியே மரத்தடியில் டைப் அடிப்பவர்கள், ஸ்டாம்பு வெண்டர்கள், ஜெராக்ஸ் வண்டி. மச்சான் டீ சொல்லப் போனான். நாங்கள் இரண்டு பேரும் நின்றோம்.

"அன்னைக்குக் கட்டுல்ல அடுக்கிக் காட்டுனன்ல" என்றேன். "அப்பவே ஒனக்குத் தெரியுமா?"

அவள் உத்தரவை இரண்டாக மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

"தெரியும்ப்பா."

"ஏன் சொல்லல?"

"போட்டுட்டு வந்துட்ட. சொன்னா பிரிஞ்சிடவா போவுது? பாஸானாதான பிரச்சினன்னு உட்டுட்டேன்."

மச்சான் மூன்று டீயோடு வந்தான். ஜெராக்ஸ் வண்டிக்காரன் எங்கள் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு, "ஆர்டர் காப்பியா சார்? லேமினேஷன் போட்டுடலாமா, முப்பது ரூபா" என்றான்.

நான் வேண்டாம் என்று கை ஆட்டினேன்.

"போடுங்கண்ணா" என்றாள் இசைவாணி. "கெட்டியா போடுங்க. இத யாரும் தொட்டுப் பாக்கப்போறதில்ல."

தாள் இயந்திரத்துக்குள் போய் மறுபக்கம் வந்தது. நான்தான் முப்பது ரூபாய் கொடுத்தேன். அவள் சூடு ஆறும் வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஃபைலைத் திறந்து, பிளாஸ்டிக்கில் முத்திரை தனியாகக் கிடந்த அந்தக் கவருக்கு மேலே வைத்து மூடினாள். சிதம்பரம் பஸ் வந்துவிட்டது என்று மச்சான் ரோட்டிலிருந்து கூப்பிட்டான்.